பதினேழாம் நம்பர் இன்று லீவு

செங்கமலா மில் நூலகமாக மாறித் திறப்பு விழா நடந்த மூன்றாம் நாள் காலையில், கருக்கம்பாளையம் அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற சண்முகவடிவு டீச்சர், ஒரு வார இதழை எடுத்துக்கொண்டு நூற்று முப்பத்திரண்டாம் நம்பர் நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். யாரும் நாற்காலியை இழுக்கவில்லை. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக இடுப்பை நுழைக்கிறவரை, ஏற்கெனவே இருப்பவர் கோபமில்லாமல், ஆனால் விட்டும் கொடுக்காமல் நெம்பி வெளியே தள்ளுவாரே, அப்படித்தான் தன்னைத் தள்ளியது என்று டீச்சர் புடவையைத் தட்டிக்கொண்டே சொன்னார். அங்கே பெருக்கித் துடைக்க ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த துளசிமணி ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டு, நாற்காலியின் முதுகில் பதித்திருந்த பித்தளை வில்லையைப் பார்த்து, "அது ரங்கராஜண்ணன் எடமுங்க டீச்சர், அவரு ஆருக்கும் உட்டுக்குடுக்க மாட்டாருங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் ரங்கராஜ் செத்துப் பதினோரு வருஷமாகிறது என்பது அவளுக்கே ஞாபகம் வந்தது.

நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான் அது. இருபது வருஷம் பூட்டிக் கிடந்து, பாம்பும் கருவேலமுமாகப் போயிருந்த மில்லை இடிக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர், நகரத்திலிருந்து வந்த நிரஞ்சன் என்ற கட்டட வடிவமைப்பாளர். பழைய செங்கலை எடுத்தே புதுச் சுவர் கட்டினார், ரம்பப் பல் போன்ற கூரையை அப்படியே வைத்து அதன் மேல் சூரியத் தகடு போட்டார், பாய்லர் இருந்த குழியை மழைநீர்க் குளமாக்கினார், பஞ்சு உடைத்த கூடத்தைக் கூத்துக்கும் கச்சேரிக்கும் மேடையாக்கினார், நூல் நூற்ற ராட்டுகள் ஓடிய நீளக்கூடத்தை நூலகமாக்கினார். வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் மூலையில் ஒரு கோணிப்பையில் பித்தளை டோக்கன்கள் இருநூற்றுப் பதினெட்டு கிடந்ததைக் கண்டு கண்கலங்கி, உழைத்தவர்களுக்கு மரியாதை என்று டோக்கனுக்கு ஒன்றாக இருநூற்றுப் பதினெட்டு நாற்காலி செய்து ஒவ்வொன்றிலும் ஒரு டோக்கனைப் பதித்தார். பாவம், அவர் மில்லில் வேலை பார்த்ததில்லை. ஆணியில் தொங்கும் டோக்கனை எடுத்து உள்ளே போட்டுவிட்டால் ஆள் வந்தாச்சு என்று அர்த்தம், ஷிப்ட் முடிகிறவரை அந்த இடம் அவனுடையது, முதலாளியின் மச்சானே வந்தாலும் அங்கே நிற்க முடியாது என்பது கருக்கம்பாளையத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தவர்கள் அத்தனை பேரும் திறப்பு விழாவில் அந்த நாற்காலிகளைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, கொடுத்த மிக்சரைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆக, செத்துப்போன தொழிலாளிகள் டியூட்டிக்கு வந்துவிட்டார்கள். ஊர் இதை ஒரு வாரம் பேசியது. இரண்டாம் வாரம் இதற்குள் எப்படிப் பிழைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது. டோக்கனைக் கழற்றிவிடலாம் என்று நூலகர் அருள்மேரி ஸ்க்ரூட்ரைவரோடு ஆள் கூட்டி வந்தபோது, செத்தவர்களின் பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் வந்து வாசலில் உட்கார்ந்து, உயிரோடு இருந்தபோது ஒரு தரம் வெளியே தள்ளியது போதாதா என்று கேட்டதில் அவர் ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூடுதலாகப் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டதற்கு, இருநூற்றுப் பதினெட்டுப் பேர் மூச்சுக்குத்தான் காற்றுவழி வைத்திருக்கிறது, ஒன்று கூடினாலும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் போய்விடும் என்று பதில் வந்தது. தரையில் உட்கார்ந்து படித்தவர்களை யாரோ மிதித்துக்கொண்டு நடந்தார்கள். நூல் அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் முடிச்சுப் போடுகிறவர்களுக்குக் கீழே பார்த்து நடக்க நேரம் ஏது. வாரவிடுமுறையைத் திங்களிலிருந்து புதனுக்கு மாற்றி, திங்கட்கிழமை திறந்து வைத்துப் பார்த்தார்கள். அவர்களும் புதனுக்கு மாற்றிக்கொண்டு திங்களன்று வேலைக்கு வந்தார்கள், நிர்வாகம் சொன்னால் கேட்டே பழகியவர்கள்.

உயிரோடு இருந்த பழைய ஆட்கள் முப்பத்தியொரு பேர். அவர்கள் நாற்காலிகளில் மட்டும் யாரும் உட்காரலாம். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒற்றை அறை லைன் வீட்டில் பக்கத்து விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாத பிள்ளைகளுக்கு, அந்த முப்பத்தியொரு இடம்தான் கதி. ஒரு கிழவர் இறந்தால் மறுநாள் காலையில் ஒரு நாற்காலி போயிற்று. அதனால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் கிழவர்களின் ஆரோக்கியத்தில் அக்கறை கொண்டார்கள். பெற்ற மகனே எட்டிப் பார்க்காத கிழவருக்கு வேகவைத்த முட்டை வந்தது, ஆடாதொடைக் கஷாயம் வந்தது, மார்கழிக் குளிருக்குக் குல்லாய் வந்தது. அப்படியும் முதல் வருஷத்தில் ஆறு பேர் போனார்கள். பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு எத்தனை முட்டைக்குத் தாங்கும்.

இன்னொரு வழியைக் காட்டியவள் துளசிமணி. செத்தவனுக்கும் லீவு உண்டு, அவனுடைய திதியன்று அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போவான், அன்று அவன் இடம் காலி என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எந்த நம்பர் யாருடையது, அவன் வீடு எந்தச் சந்தில், எந்த மாசம் எந்தத் திதியில் செத்தான் என்பதையெல்லாம் வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். தொண்ணூற்று நாலாம் நம்பர் சேவியர் கல்லறைத் திருநாளுக்குப் போவார், நூற்று நாற்பதாம் நம்பர் ரசாக் பாய் அவர் பெயரில் பாத்திஹா ஓதும் நாளில் போவார் என்பதும் அதில் இருந்தது. பிள்ளைகள் காலையில் கேட்டில் நிற்பார்கள். துளசிமணி நோட்டைப் பார்த்து, "இன்னைக்கு அம்பத்தியாறு லீவு, நூத்தித்தொண்ணூறு லீவு" என்று சொல்வாள். பந்திக்கு முந்துவது போல இரண்டு பேர் ஓடுவார்கள். இலையில் வெறும் ரசம் என்றால் பகல் பன்னிரண்டுக்கே ஆள் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நெம்பித் தள்ளிவிடுவார், வடை பாயசம் என்றால் சாயங்காலம் வரை வரமாட்டார் என்பதும் தெரிந்த பிறகு, யார் யார் வீட்டுத் திதிக்கோ சம்பந்தமே இல்லாத வீடுகளிலிருந்து வெல்லமும் உளுந்தும் போயின. ஆடி அமாவாசையன்று அநேகமாக மொத்தப் பேரும் சாப்பிடப் போய்விட, நூலகம் நிரம்பி வழிந்தது. நிரஞ்சன் வந்து படம் எடுத்துக்கொண்டு போய் எங்கோ பரிசு வாங்கினார்.

துளசிமணிக்கு இத்தனை நம்பரும் எப்படித் தெரியும் என்றால், அவள் புருஷன் ஆறுச்சாமி அந்த இருநூற்றுப் பதினெட்டு இடத்தில் பாதிக்கு மேல் நின்றவன். ஆனால் அவனுக்கென்று ஒரு நம்பர் கிடையாது. அவன் பதிலி. நிரந்தர ஆள் லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் அந்த இடத்தில் நிற்கிறவன். அதற்காகத் தினமும் காலை ஏழு மணிக்கு முன்னால் கேட்டில் மற்ற பதிலிகளோடு காத்திருப்பான், மேஸ்திரி வந்து விரலை நீட்டி, நீ வா, நீ வா என்று கூப்பிடுவார், கூப்பிட்டவன் கையில் ஒரு காகிதச் சீட்டு, மற்றவன் வீட்டுக்கு. பித்தளை டோக்கன் பதிலிக்கு இல்லை. பதினாலு வருஷம் அவன் அப்படி நின்றான். கிடைத்த நாளில் ராத்திரிச் சோற்றோடு கதை வரும்: இன்னைக்கு முப்பத்திரெண்டு வேலுமணி எடம், அவன் புள்ளைக்குக் காதுகுத்து, இன்னைக்குப் பதினேழு பழனியப்பன் எடம், அவனுக்கு நெஞ்சுவலி. கிடைக்காத நாளில் ஏழரைக்கே டிபன் கேரியர் திறக்காமல் திரும்பி வரும், அந்தச் சோற்றையே இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து தின்பார்கள், அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வான், "நாளைக்குப் பாக்கலாம்." பர்மனென்ட் ஆக்குகிற பட்டியலில் பெயர் வருகிறது என்று சொன்ன மாசத்தில் மில்லைப் பூட்டினார்கள். பூட்டிய பிறகும் அவன் மூன்று வருஷம் காலையில் கேரியரோடு போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தான். ஒரு நாள் வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதனால், நாற்காலிகள் ஆட்களைத் தள்ளத் தொடங்கிய நாள் முதல் துளசிமணிக்கு உள்ளூர ஒரே ஒரு கேள்விதான். அவனுக்கு இடம் கிடைத்ததா? துடைக்கும்போது எழுந்து நிற்பது மில் பழக்கம் என்பதால் ஈரத்துணி போகும்போது நாற்காலிகள் சும்மா இருக்கும். துடைத்து முடித்ததும் அவள் ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவாள், அழுத்தம் திரும்பி வரும். இது ரங்கராஜண்ணன், இது சேவியர், இது வேலுமணி. ஆறுச்சாமியின் திதியன்று வீட்டில் இலை போட்டுவிட்டு ஓடிவந்து, எந்த நாற்காலியாவது கணக்குக்கு மேல் காலியாக இருக்கிறதா என்று இருநூற்றுப் பதினெட்டையும் அழுத்திப் பார்த்தாள். இல்லை. இரண்டு வருஷமும் இல்லை. உள்ளே இல்லை என்றால் அவன் எங்கேதான் போனான்? அவளுக்கு அழுகை வந்தது, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போய் அழுதாள்.

பதிலைச் சொன்னவர் ஏழாம் நம்பர் கிட்டுசாமி. அந்தக் காலத்தில் கேட்டில் விரல் நீட்டிய மேஸ்திரி அவர்தான். எண்பத்திநாலு வயசு, எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனாலும் தினமும் பத்து மணிக்கு வந்து தன் சொந்த நாற்காலியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துளசிமணி கொண்டுவரும் ராகிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே ஒரு நாள் கேட்டார்.

"ஏனம்முணி, கேட்டுல நிக்கறவங்களத் தள்ளிப்போட்டு இந்தப் பசங்க உள்ள ஓடியாறாங்களே, இது ஞாயமா?"

"ஆருங்க மேஸ்திரி கேட்டுல நிக்கறாங்க?"

"பதிலிகதான். வேற ஆரு நிப்பா? நான் வரும்போது பழையபடியே எல்லாரும் நிமுந்து நிக்கறாங்க. தோள் இடிக்குது. ஒருத்தன் லீவுன்னா அந்த எடம் அவங்களுக்குத்தான வரோணும்? நீ நோட்டப் பாத்து இந்தப் பசங்களுக்குக் குடுத்தர்றே."

"என்ற வூட்டுக்காரரு?"

"எடத்துப் பக்கத் தூண். எப்பவும் அங்கதான நிப்பான்."

அவள் நடந்து போகவில்லை, ஓடினாள். கேட்டின் இடப்பக்கத் தூண் ஓரத்தில், புதிதாக வைத்த புங்கங்கன்றுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள். முதலில் ஒன்றும் இல்லை. வெயில், லாரிச் சத்தம். பிறகு முழங்காலுக்கு மேலே, சேலையின் மீது, ஒரு டிபன் கேரியரின் விளிம்பு வந்து இடித்தது. மூன்றடுக்கு, கீழடுக்கில் நெளிவு. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் விழுந்து நெளிந்தது அது, அந்த நெளிவை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இரண்டு வருஷமாகத் தினம் காலையில் அவனைத் தாண்டி நடந்து போய், அவனிடமிருந்து கேட்டுத் தெரிந்த நம்பர்களையே நோட்டில் எழுதி, அவனுக்கு வரவேண்டிய முறையை எல்லாம் எடுத்து ஊருக்குக் கொடுத்திருக்கிறாள். எதிரி கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நினைத்தாள், நெஞ்சில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

அன்று மாலை மகள் வினோதினியிடம் சொன்னாள். வினோதினிக்கு இருபத்தேழு வயசு, இரண்டு தரம் ஒன்றரை மார்க்கில் போன பரீட்சைக்கு மூன்றாம் தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு இடத்தை யாரும் உட்காராமல் விட்டுவிடலாம் என்று மற்ற பிள்ளைகளிடம் பேசு என்றாள் துளசிமணி.

வினோதினி புத்தகத்தை மூடாமலே கேட்டாள். "அப்பாவுக்கு எடம் கெடைச்சா என்னம்மா பண்ணுவாரு?"

"ஒண்ணும் பண்ண மாட்டாரு. உக்காருவாரு. புஸ்தகம் தைச்ச நூலப் பிரிச்சுப் பாத்து, இது நாப்பதாம் நம்பர் சன்ன நூலும்பாரு."

"அப்பா செத்து இத்தன வருசமாச்சு. அவருக்கு என்னிக்கு வேணாலும் உக்காரலாம். எனக்கு நாப்பது நாள்தாம்மா இருக்குது."

இதில் யாரைக் குறை சொல்வது? மகள் சொன்னதும் நியாயம்தான், அதுதான் துளசிமணியை அதிகம் சுட்டது. மறுநாள் மேஸ்திரியிடமே போய் நின்றாள். பதிலிகள் தாமாக உள்ளே வரமாட்டார்கள், விரல் நீட்டிக் கூப்பிட வேண்டும், கூப்பிடக்கூடியவர் அவர் ஒருவர்தான். கிட்டுசாமி மறுக்காமல் தடியை ஊன்றி எழுந்து கேட்டுக்குப் போய், தூணைப் பார்த்து விரலை நீட்டி, "ஆறுச்சாமி, உள்ள வா" என்றார். காற்றுக்கூட அசையவில்லை. பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்தார்.

"நான் ரிட்டயர் ஆனவன் அம்முணி. நான் கூப்புட்டா அவன் எப்படி வருவான்? நான் செத்தாத்தான் எனக்கு மறுக்கா டியூட்டி."

துளசிமணி கேட்க நினைத்து முப்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்த ஒன்றைக் கேட்டாள். "பதினாலு வருசம் நின்னாருங்களே, ஏனுங்க அவரப் பர்மனென்ட் பண்ணவே இல்ல?"

"அவன் கேக்கவே இல்லியே" என்றார் கிட்டுசாமி, ஆச்சரியத்தோடு. "மத்தவனெல்லாம் என்ற தோட்டத்துக்குத் தண்ணி கட்டுவான், தீவாளிக்குக் கோழி கொண்டாருவான். இவன் பாட்டுக்குத் தூணோரம் நிப்பான். கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்கறது?" சற்று நேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் கையைப் பிடித்து, "போச்சாது போ, கவலைப்படாத. நான் போற அன்னிக்கு, மொத விரல் அவனுக்குத்தான். சத்தியம்" என்றார்.

அன்று முதல் கருக்கம்பாளையத்தில் கிழவர்கள் எல்லாரும் நூறு வயசு இருக்க வேண்டும் என்று ஊர் கும்பிட்டுக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் ஒரு கிழவர் சாவதற்காகக் காத்திருந்தாள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தை மாசப் பனியில் மேஸ்திரிக்குச் சளி கட்டிப் படுத்தபோது கஷாயத்தோடும் தைலத்தோடும் ஆட்கள் ஓடினார்கள். துளசிமணி அன்றைக்குக் கஞ்சி காய்ச்சினாள், கிண்ணத்தில் ஊற்றினாள், மூடி வைத்தாள், கொண்டு போகவில்லை. மூன்று நாள் அப்படிக் காய்ச்சிக் காய்ச்சிக் கீழே ஊற்றினாள். நாலாம் நாள் அவர் போய்விட்டார். சாவு வீட்டில் அவள் மற்றவர்களைவிடச் சத்தமாக அழுதாள், அதில் பொய் ஒன்றுமில்லை, அவளுக்குத் தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழாம் நம்பர் அவள் உள்ளங்கையைத் திருப்பித் தள்ளியது. இன்னொரு இடம் போச்சே என்று பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். துளசிமணி நோட்டைப் புரட்டினாள். அடுத்த லீவு நாலு நாளில் வந்தது, பதினேழாம் நம்பர் பழனியப்பன். நெஞ்சுவலிக்காரன், அவன் இடத்தில்தான் ஆறுச்சாமி அதிக நாள் நின்றிருக்கிறான். பழனியப்பன் வீட்டுக்கு அவளே இரண்டு கிலோ வெல்லம் வாங்கிக் கொடுத்தாள். கேட்டில் நின்ற பிள்ளைகளிடம், அந்த வாரத்தில் யாருக்கும் லீவு இல்லை, பஞ்சாங்கத்தில் திதி தள்ளிப் போயிருக்கிறது என்றாள். வினோதினியிடமும் அதையே சொன்னாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அம்மா பொய் சொல்வாள் என்று நினைக்கத் தெரியாத பெண், சரி என்று வீட்டில் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள்.

அன்று துளசிமணி ஏழு மணிக்கு முன்பே வந்து திறந்தாள். கூரையின் கண்ணாடி வழியே வெளிச்சம் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. பதினேழை அழுத்தினாள், காலி. மரம் வெறும் மரமாக இருந்தது. அதைத் துடைத்தாள், இன்னொரு தரம் துடைத்தாள், நல்ல கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, தைத்த நூல் தெரிகிற மாதிரி நடுவில் விரித்து முன்னால் வைத்தாள். பிறகு ஏழாம் நம்பருக்குப் போனாள். அதுவும் காலி. மேஸ்திரி எழுந்து கேட்டுக்குப் போயிருக்கிறார். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள், இத்தனை வருஷத்துக்கப்புறம் முதலில் என்ன பேசுவது என்று வெட்கப்பட்டாள்.

சிறிது நேரத்தில் ஏழாம் நம்பர் நிறைந்தது. கையை எடுத்துப் பதினேழில் வைத்தாள். அழுத்தம் திரும்பி வந்தது.

"ஏனுங்க" என்றாள் துளசிமணி. அதற்கு மேல் வராமல் அழுதாள். பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்: வினோதினி டிகிரி முடித்ததை, ஒன்றரை மார்க்கில் இரண்டு தரம் போனதை, அவன் சட்டைகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதை, கஞ்சியைக் கீழே ஊற்றியதை. அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. உங்களுக்காகத்தான் செய்தேன், கோவிச்சுக்காதீங்க என்றாள். புத்தகத்தின் பக்கம் ஒன்று புரண்டது. நூலைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மின்விசிறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எட்டு மணிக்கு வாசல் பெருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் இல்லாத லேசான உடம்போடு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். வலப்பக்கம் பெருக்கினாள், நடுவில் பெருக்கினாள், இடப்பக்கத் தூண் ஓரம் குவிந்திருந்த புங்கஞ்சருகைத் தள்ளக் குனிந்தாள். முழங்காலில் டிபன் கேரியர் இடித்தது.

அவள் நிமிரவே இல்லை. குனிந்தபடியே நின்றாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். செத்தும் மேஸ்திரி மேஸ்திரியாகத்தான் இருந்தார். யார் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினானோ, யார் கோழி கொண்டுபோனானோ, அவனைப் பார்த்து விரல் நீண்டுவிட்டது. இல்லாவிட்டால் ஆறுச்சாமியே, எனக்கென்ன, இவன் வீட்டில் கஷ்டம் என்று பக்கத்து ஆளை முன்னால் தள்ளிவிட்டிருப்பான், அதுவும் செய்யக்கூடியவன்தான். எவனிடமோ உட்கார்ந்து தன் குடும்பக் கதையை எல்லாம் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"அம்மா."

வினோதினி சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "பழனியப்பன் மாமா வூட்டுல வட சுட்டுட்டிருக்கறாங்க. இன்னைக்குத்தான் தெவசமாம். ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்னே?" அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அப்பாவ உக்கார வெச்சுட்டியா?"

"இல்ல கண்ணு."

"அப்ப எடம் சும்மாவா கெடக்குது?"

"இல்ல கண்ணு. ஆரோ உக்காந்திருக்கறாங்க."

வினோதினிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு, "அவருக்கும் இல்லாம எனக்கும் இல்லாம" என்று தொடங்கியவள் முடிக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். துளசிமணி மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தூணோரத்தில், புங்கங்கன்றுக்கும் சுவருக்கும் நடுவே, காற்றில் கீழே இறக்கி வைத்தாள். வினோதினி முதலில் கையை உதறப் பார்த்தாள். பிறகு உதறவில்லை. விரல்கள் எதையோ சுற்றி மெல்ல மடங்கின, கீழடுக்கின் நெளிவுக்கு வந்து நின்றன. அப்பா இறந்தபோது அவள் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"சூடா இருக்குதும்மா" என்றாள்.

"இன்னும் தொறக்கல."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். எட்டரை பஸ் வந்து நின்று போயிற்று. உள்ளே யாரோ ஒரு கிழவரின் நாற்காலிக்கு இரண்டு பேர் சண்டை போடும் சத்தம் கேட்டது. துளசிமணி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தூணைப் பார்த்து, பதினாலு வருஷம் தான் கேட்ட வார்த்தையைத் தன் வாயால் சொன்னாள்.

"வாங்க, வூட்டுக்குப் போலாம். நாளைக்குப் பாக்கலாம்."

வினோதினி கையை எடுக்காமல் வைத்திருந்தாள். கேரியர் நகரவில்லை.